தாழ்த்தப்பட்டோர் கல்வி விதிகளும் அவர்தம் குரலும்

கல்வி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் சட்டங்களையும் அறிக்கைகளையும் ஆண்டு முறையில் அடுக்கி, இன்ன ஆண்டில் இன்ன விதி பிறந்தது என்று கூறி அமைவர். அவ்விதி பிறக்குமுன் யார் யார் பேசினர், எவர் பேச்சு ஏட்டில் ஏறிற்று, எவர் பேச்சு வாயிற்படியோடு நின்றது என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அருகியே எழுகின்றன. ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கென ஆங்கில அரசாங்கம் வகுத்த கல்வி விதிகளைப் பொறுத்தவரை இவ்வினாக்களைத் தவிர்த்தல் இயலாது. அம்மக்கள் முதலில் மனுதாரராக நின்றனர்; பின்னர்ச் சான்று கூறுவோராக அழைக்கப்பட்டனர்; நெடுங்காலம் கழித்தே விதி செய்யும் அவையில் உறுப்பினராக அமர்ந்தனர். அவர்கள் நின்ற இடம் மாற மாற, விதிகளின் உள்ளீடும் மாறிற்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நடவடிக்கையால் நன்மையோ தீமையோ அடையக்கூடியவர் அனைவரையும் குறிக்க இக்காலத்து ஆட்சித் துறையினர் 'பங்குதாரர்' என்னும் சொல்லை ஆள்கின்றனர். வணிகக் குழுமத்தில் பங்கு வாங்கியவரை நினைவூட்டும் அச்சொல்லைவிட, நம் ஊர்ப்புறத்தார் வழங்கும் 'பங்காளி' என்னும் சொல்லே பொருளுக்கு நெருங்கியது போலும். பங்காளியைக் கேளாமல் பாகம் பிரிக்க இயலாது. பிரித்தாலும் அது செல்லாது. கல்வி விதிகளில் தாழ்த்தப்பட்டோர்க்கு அத்தகைய பங்காளி நிலை எப்போது வாய்த்தது என்பதே நம் வினா.

முதற் சான்று கருநாடகப் பகுதியில் கிடைக்கிறது. 1856-ஆம் ஆண்டு சூன் திங்களில், அக்காலத்தில் பம்பாய் மாகாணத்தைச் சார்ந்திருந்த தார்வாரில், மகார் சாதிச் சிறுவன் ஒருவன் அரசாங்கப் பள்ளியில் சேர விழைந்து மறுக்கப்பட்டான். அவன் பெயரால் மாகாண அரசாங்கத்திற்கு மனு சென்றது. ஒரு சிறுவனைச் சேர்த்தால் ஏனையோர் அனைவரும் விலகுவர், பள்ளியே பாழாகும் என்று கூறி மாகாண அரசாங்கம் கைவிரித்தது. செய்தி இந்திய அரசாங்கத்திற்கும், பின்னர் இலண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கும் எட்டியது. சாதி ஒன்றையே காரணமாகக் கொண்டு எந்தச் சிறுவனையும் அரசாங்கப் பள்ளியினின்று விலக்கலாகாது என்னும் கொள்கையை இயக்குநர்கள் 1854-இலேயே கூறியிருந்தனர். தார்வார் நிகழ்ச்சிக்குப் பின்னர் அதனை மீண்டும் வற்புறுத்தினர். 1863-இல் இந்திய அமைச்சரும் அதனை உறுதி செய்தார். ஒரு சிறுவனின் மனு கடல் கடந்து சென்று கொள்கையை நிலைநாட்டியது என்று இதனைப் போற்றுவார் உளர். ஆயின் மனு கொள்கையை அசைத்ததேயன்றிப் பள்ளியின் கதவை அசைக்கவில்லை. மனுவின் இயல்பு அது. மேலிருப்போர் கேட்டு விடை கூறுவர். விடையைச் செயலாக்கும் பொறுப்போ, முதலில் மறுத்தவர் கையிலேயே மீண்டும் விழும்.

இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1882-இல், ரிப்பன் பிரபுவின் அரசாங்கம் வில்லியம் வில்சன் ஹண்டர் தலைமையில் கல்விக் குழு ஒன்றை அமைத்தது. விதி செய்யுமுன் பலரையும் கேட்டறிய வேண்டும் என்னும் எண்ணம் அதன் அமைப்பிலேயே இருந்தது. மாகாணந்தோறும் துணைக்குழுக்கள் அமைக்கப்பட்டன. ஏறத்தாழ 200 பேர் சான்று கூறினர். 300-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. முடிவில் 222 பரிந்துரைகள் வெளிவந்தன. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் அக்குழுவில் ஓர் உறுப்பினர். தமிழ் மாணவர்க்குக் கச்சிக் கலம்பகத்தின் ஆசிரியராக அறிமுகமான பூண்டி அரங்கநாத முதலியாரும் உறுப்பினர். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த அவர் இவ்வகையில் அனைத்திந்தியக் கல்வி வரலாற்றிலும் இடம் பெறுகிறார். அதிகாரிகள், பாதிரிமார், வங்கத்துப் பெருநிலக்கிழார், சட்ட வல்லுநர் எனப் பலரும் அமர்ந்த அக்குழுவில் தீண்டத்தகாதோர் எனப்பட்ட மக்களுள் ஒருவரும் இல்லை. அவர்களைப் பற்றி ஆராய்ந்தனர்; அவர்களோடு அமர்ந்து ஆராயவில்லை.

அக்குழுவின்முன் வந்த சான்றுகளுள் தனித்து நோக்கத்தக்கது பூனாவினின்று ஜோதிராவ் புலே 1882 அக்டோபர் 19-ஆம் நாளிட்டு அளித்த விண்ணப்பமாகும். புலே தீண்டத்தகாதோர் வகுப்பினர் அல்லர். தோட்டத் தொழில் செய்த மாலி வகுப்பினர். எனினும் 1848 முதல் பெண்களுக்கும், பின்னர் மகார், மாங்கு வகுப்பார் பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்தியவர், தாமே கற்பித்தவர். அவர் விண்ணப்பத்தைப் படிப்போர்க்கு முதலில் தெளிவாவது, அவர் கொள்கை பேசுவதோடு நில்லாமல் விதிகளின் நுணுக்கத்திற்குள் புகுந்துள்ளார் என்பது. உழவர் செலுத்தும் வரியால் அரசாங்கக் கருவூலம் நிறைகிறது. கல்விச் செலவோ உயர்வகுப்பாரின் உயர்கல்விக்குப் பாய்கிறது என்பது அவர் அடிப்படை வாதம். அதன்மேல் அவர் கேட்டவை: குறைந்தது 12 வயது வரை கட்டாயத் தொடக்கக் கல்வி, உழவர் முதலிய உழைக்கும் வகுப்புகளினின்று தேர்ந்து பயிற்றப்பெற்ற ஆசிரியர், ஆசிரியர்க்கு 12 ரூபாய்க்குக் குறையாத மாத ஊதியம், கணக்கும் உழவுத் தொழில் அறிவும் உடல்நல அறிவும் அடங்கிய பாடத்திட்டம், பிள்ளையை மாடு மேய்க்கவும் வயல் காக்கவும் அனுப்பும் ஏழைப் பெற்றோர் மனம் மாறும் வண்ணம் உதவித்தொகையும் பரிசும், ஏனையோருடன் அமர விடப்படாத மகார், மாங்கு பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள்.

இவற்றினும் நுட்பமானது, தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் பற்றி அவர் கூறிய கருத்து. அக்காலத்தில் உதவி பெறும் பள்ளிகளுக்கு மானியம் கணக்கிடும் முறை அது. இங்கிலாந்தில் 1862-இல் புகுத்தப்பட்டு, இந்நாட்டு மாகாணங்களிலும் பரவியது. ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வாளர் வருவார். படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய தலைக்கு இவ்வளவு எனப் பள்ளிக்குப் பணம் கிடைக்கும். அரசாங்கத்தின் கண்ணோட்டத்தில் இதைவிட நேர்மையான முறை வேறில்லை. வேலை செய்தவனுக்கே கூலி. ஆனால் நடவு நாளிலும் களையெடுக்கும் நாளிலும் அறுவடை நாளிலும் பள்ளியை விட்டுச் செல்லும் கூலியாள் மகன் தேர்வில் எங்ஙனம் தேறுவான்? அவன் தேறாவிடில் அவனுக்குக் கற்பித்தவர்க்கு வருவாய் இல்லை. வருவாய் இல்லாத சேரியில் எந்த ஆசிரியர் பள்ளி திறப்பார்? அக்கிரகாரத்திலும் வணிகர் தெருவிலும் பள்ளி வைத்தவர் அதே உழைப்புக்குப் பன்மடங்கு பெறுவார். கல்விச் சுவை இன்னும் தோன்றாத மக்களிடையே இம்முறை பயன்படாது என்று புலே கூறியது இதனாலேயே. விதி எவ்விடத்தும் சாதியைக் குறிப்பிடவில்லை. ஆயினும் சாதி வேறுபாட்டின் பயனை அது துல்லியமாக விளைவித்தது. இதனை அலுவலகத்தில் அமர்ந்து விதி எழுதியவர் கண்டிருக்க வழியில்லை. சேரியில் பள்ளி நடத்தியவர்க்கோ முதலாண்டு மானியக் கணக்கிலேயே அது தெரிந்திருக்கும்.

குழுவின் பரிந்துரைகளில் இக்குரல் எவ்வளவு ஏறிற்று? கட்டாயக் கல்வி ஏறவில்லை. தேர்ச்சி மானியமே தொடக்கப் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் உரிய முறை என்று குழு முடிவு செய்தது. ஆயினும் பின்தங்கிய பகுதிகளிலும் தனிச் சூழ்நிலைகளிலும் நிறுவப்படும் பள்ளிகளுக்குத் தனி விதிகளின்படி உதவலாம் என்று ஒரு விலக்கும் சேர்க்கப்பட்டது. சாதி காரணமாக எவரையும் விலக்கலாகாது என்னும் பழைய கொள்கையைக் குழு மீண்டும் உறுதி செய்தது. உடன் 'தக்க எச்சரிக்கையோடு' செயற்படுத்துக என்னும் பொருள்படும் தொடரையும் சேர்த்தது. தாழ்ந்த சாதியார் எனப்பட்டோரின் பிள்ளைகள் போதிய எண்ணிக்கையில் உள்ள இடங்களில் தனிப் பள்ளிகளை ஊக்குவிக்கவும் பரிந்துரைத்தது. அவ்வெச்சரிக்கைத் தொடரை நிறைவேற்றுவோர் பிடித்துக்கொண்டனர். விலக்கு விதியை ஏழைகளின் நண்பர்கள் பிடித்துக்கொண்டனர். பின்வந்த நாற்பது ஆண்டுக் கல்வி வரலாறு இவ்விரு தொடர்களுக்கு இடையே நிகழ்ந்த இழுபறி எனின் மிகையாகாது. தேர்ச்சி மானிய முறையைக் கர்சன் பிரபுவின் அரசாங்கம் 1904-ஆம் ஆண்டுக் கல்வித் தீர்மானத்தில் கண்டித்துக் கைவிட்டது. புலே கூறி இருபத்திரண்டு ஆண்டுகள் அதற்குள் கழிந்துவிட்டன. அவர் 1890-இலேயே மறைந்தார்.

சென்னை மாகாணத்திற்கு வருவோம். இங்கு முதலில் பேசினோர் சேரி மக்களுக்காகப் பேசிய பிறரே. செங்கற்பட்டு மாவட்டத்தில் பணியாற்றிய பாதிரிமார் அரசாங்கத்திற்கு விண்ணப்பித்தனர். மாவட்டக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் செங்கற்பட்டுப் பறையர் நிலை பற்றி விரிவான குறிப்பு ஒன்றை எழுதினார். குடியிருக்கும் மனையும் மிராசுதாருக்கு உரியதாக இருந்தமையால், எதிர்த்துப் பேசும் பண்ணையாள் வீட்டையே இழப்பான் என்பதை அவர் எடுத்துக் காட்டினார். பள்ளிக்கூடம் கட்ட மனை வேண்டின் அதுவும் மிராசுதாரிடமே கேட்க வேண்டும். பண்ணையாளின் மகன் எழுதப் படிக்கக் கற்பதில் மிராசுதாருக்கு என்ன ஆர்வம் இருக்க முடியும்? கல்வி விதிக்கும் நில விதிக்கும் உள்ள இத்தொடர்பைக் கண்டு எழுதிய பெருமை அவ்வதிகாரிக்கு உண்டு.

ஆனால் அத்தொடர்பை அம்மக்களின் தலைவர்களும் தம் வாயாற் கூறினர் என்பது பலரால் மறக்கப்பட்ட செய்தி. 1891 திசம்பரில் நீலகிரியில் திராவிட மகாஜன சபையைக் கூட்டிய அயோத்திதாசப் பண்டிதர் கல்விச் சலுகை, அரசுப் பணி உள்ளிட்ட பத்துக் கோரிக்கைகளை நிறைவேற்றச் செய்தார். அடுத்த ஆண்டு சென்னையில் மகாஜன சபை கூடியபோது நீலகிரியின் பேராளராக அவர் வந்தார். கோயில் நுழைவு பற்றி அவர் எழுப்பிய வினா அவையில் சினத்தை விளைத்து மறுக்கப்பட்டது. அதன் பின்னர் அவர் இரண்டு வேண்டுகோள்களை முன்வைத்தார்: நான்காம் வகுப்பு வரை கட்டணமில்லாக் கல்வி, தரிசாகக் கிடக்கும் புறம்போக்கு நிலங்களை ஏழைகளுக்கு அளித்தல். இவை இரண்டும் ஏற்கப்பட்டன. 1907 முதல் தாம் நடத்திய தமிழன் இதழில் பண்டிதர் இந்நிகழ்ச்சியை நினைவு கூர்ந்து எழுதியுள்ளார். தமிழ் உரைநடை வரலாற்றை ஆராய்வோர் அவ்விதழின் மொழிநடையை நோக்குவது போலவே, ஆட்சி வரலாற்றை ஆராய்வோர் அதன் செய்திகளையும் நோக்க வேண்டும். பள்ளியும் நிலமும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டன என்பதே ஈண்டு கருதத்தக்கது. மனை இல்லாதவனுக்குப் பள்ளி இல்லை என்பதை அவரினும் நன்கறிந்தவர் எவர்?

1892 செப்டம்பரில் நிலம் பற்றிய அரசாணை வந்தது. பிற்காலத்தார் 'பஞ்சமி நிலம்' என வழங்குவது அதன் வழி வந்ததே. 1893 பிப்ரவரியில் கல்வி பற்றிய 68-ஆம் எண் அரசாணை பிறந்தது. பெரிய சேரிகளில் தனிப் பள்ளிகள், அவற்றிற்கு உயர்ந்த வீத மானியம், ஆசிரியப் பயிற்சி பெறும் அவ்வகுப்பார்க்கு உதவித்தொகை, பள்ளி மனைக்குப் புறம்போக்கு நிலம் ஆகியன அதன் சிறப்புக் கூறுகள். ஹண்டர் குழு திறந்து வைத்த விலக்கு வாயிலின் வழியே இவ்வுயர்ந்த வீதம் நுழைந்தது எனலாம். பஞ்சமர் கல்வியின் உரிமைச் சாசனம் என இதனைப் பாராட்டினோர் உளர். அதன் சிறப்பைக் குறைத்துக் கூற யாமும் விழையவில்லை. எனினும் இவ்வாணை தனிப் பள்ளியை வளர்த்ததேயன்றிப் பொதுப் பள்ளியைத் திறக்கவில்லை. 'பஞ்சமர்' என்னும் பெயரும் இதன் பின்னரே கல்வித் துறை ஏடுகளில் பெருவழக்காயிற்று. அப்பெயரைப் பெறுவோரின் இசைவைக் கேட்டு வைத்த பெயர் அன்று அது. 1894-இல் கர்னல் ஆல்காட்டு அடையாற்றை அடுத்துத் தொடங்கிய இலவசப் பள்ளியும், அதன்பின் எழுந்த திருவள்ளுவர் பள்ளி முதலியனவும் இவ்வாணைக் காலத்துச் சூழலிலேயே வளர்ந்தன.

அரசாணைகளால் மட்டும் தீராத ஒன்று இருந்தது. பள்ளி எங்கே நிற்கிறது என்பதும் அதற்குச் செல்லும் வழி யாருடையது என்பதுமே அது. கோயில் வளாகத்திலோ அக்கிரகாரத்திலோ பள்ளி இருந்தால், சேர்க்கை விதி எவ்வளவு தாராளமாயினும் சேரிப் பிள்ளை அங்கே கால் வைக்க இயலாது. இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் தம் கோயம்புத்தூர்ப் பள்ளி நாள்களைக் கூறுகிறார். தம் சாதி பிறர்க்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, வகுப்பு தொடங்கும் மணி அடிக்கும் வரை வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக் கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே உட்புகுவார். வகுப்பு முடிந்ததும் விரைந்து வீடு திரும்புவார். எந்த அறிக்கையும் இதனைப் பதியவில்லை. ஏட்டில் அவர் சேர்க்கப்பெற்ற மாணவர், விதி நிறைவேறிவிட்டது!

1920-க்குப் பின்னர் நிலை மாறிற்று. சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக ஆசிரியர் எம். சி. இராசா அமர்ந்தார், 1923-இல் சீனிவாசனும் நியமனம் பெற்றார். மக்கள் தேர்ந்தெடுத்த இடங்கள் அல்ல இவை. அரசாங்கம் அளித்த இடங்கள். ஆயினும் வாயிலில் நின்று விண்ணப்பிப்பதற்கும் உள்ளே அமர்ந்து தீர்மானம் கொண்டுவருவதற்கும் உள்ள வேற்றுமை உடனே தெரிந்தது. 1922 சனவரியில் இராசா கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாகப் 'பறையர்', 'பஞ்சமர்' என்னும் பெயர்களுக்கு ஈடாக 'ஆதி திராவிடர்' என்னும் பெயர் அரசாங்க ஏடுகளில் ஏறிற்று. மாணவர் சேர்க்கை ஏட்டில் எழுதப்படும் பெயரைத் தாமே தேர்ந்தனர். 1924-இல் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமோ பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் எவரையும் தடுக்கலாகாது என்பது. கல்வி பற்றிய தீர்மானமாக இதனை எவரும் எண்ணுவதில்லை. மணி அடிக்கும் வரை வெளியே காத்திருந்த மாணவனின் வரலாற்றை அறிந்தோர்க்கு அது கல்வித் தீர்மானமே. கல்வித் துறைக் குழு ஒன்று இதனைப் பரிந்துரைத்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. தெரு கல்வித் துறையின் எல்லைக்குள் வருவதில்லை. பாதிக்கப்பட்டோர்க்குத் துறை எல்லை தெரியாது, தம் இடர்ப்பாடே தெரியும் என்று அதிகாரிகள் சிலர் குறை கூறுவதுண்டு. அக்குறையிலேதான் அவர்தம் சான்றின் மதிப்பு இருக்கிறது.

பாதிக்கப்பட்டோர் எக்காலத்தும் ஒரே கருத்தினர் என்றும் கொள்ளற்க. 1882-இல் புலே தனிப் பள்ளி கேட்டார். அன்று பொதுப் பள்ளியில் இடமே இல்லை. 1928-இல் பம்பாய் அரசாங்கம் ஸ்டார்ட்டே தலைமையில் அமைத்த குழுவில் அண்ணல் அம்பேத்கர் உறுப்பினர். அவ்வாண்டிலேயே சைமன் குழுவிற்கு அளித்த அறிக்கையில் அவர் தார்வார் நிகழ்ச்சி தொடங்கி ஹண்டர் குழு வரை கல்விக் கொள்கையின் வரலாற்றை ஆவணங்களோடு எடுத்துரைத்திருந்தார். ஸ்டார்ட்டே குழு 1930-இல் அளித்த அறிக்கை தனிப் பள்ளியினும் பொதுப் பள்ளியையே வற்புறுத்தியது. உதவித்தொகைகளையும் மாணவர் விடுதிகளையும் பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டில் கோரிக்கை தலைகீழாயிற்று. முன்னவர் தவறினர், பின்னவர் திருத்தினர் என்று இதற்குப் பொருளன்று. ஒருமுறை கேட்டு, கேட்டாயிற்று என்று ஏட்டை மூடிவிடுதல் போதாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

சென்னை மாகாணத்தில் 1920-க்குப் பின்னர்த் தொழிலாளர் துறை ஆதி திராவிடர்க்கென நடத்திய பள்ளிகளின் வழியிலேயே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் வந்தன. அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையின்கீழ்க் கொண்டுவருவதாகத் தமிழ்நாட்டு அரசின் 2023-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கை அறிவித்தபோது ஆதரவும் எதிர்ப்பும் எழுந்தன. தனித் துறையின் காப்பு வேண்டுமா, பொதுத் துறையின் தரம் வேண்டுமா என்ற அந்த வழக்கில் 1882-உம் 1930-உம் ஒருங்கே ஒலித்தன. அறிவிப்பு முன்னே வந்தது. வாதம் பின்னே வந்தது.

2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவில் பள்ளி மேலாண்மைக் குழுவை வகுத்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நீங்கலாக, ஒவ்வொரு பள்ளியிலும் அமையும் அக்குழுவின் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். நலிந்த பிரிவினரின் பெற்றோர்க்கு அவர்தம் விகிதப்படி இடம் வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். தார்வார்ச் சிறுவனின் பெற்றோர் கனவிலும் காணாத நிலை இது. ஆயின் அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவு விதிகள் செய்யும் அதிகாரத்தை அரசாங்கத்திற்கு அளிக்கிறது. விதியை அறிவிக்கையாக வெளியிட்டுச் சட்டமன்றத்தின் முன் வைத்தால் போதும். வரைவை முன்னரே வெளியிட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்னும் நிபந்தனையை, 1897-ஆம் ஆண்டுப் பொது விதிகள் சட்டம் அறிந்த அந்த எளிய நிபந்தனையை, அப்பிரிவு விதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் சுவருக்கு வெள்ளையடிப்பதைப் பற்றிக் கூலியாள் தாய் குழுவில் அமர்ந்து பேசலாம். அவள் மகன் எந்த விதியின்படி சேர்க்கப்படுவான் என்பதை எழுதுமுன் அவளைக் கேட்கவேண்டும் என்று சட்டம் கூறவில்லை.